பெருங்காயம் வந்த வழி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் எங்கள் அப்பாவின் நாட்டு மருந்துக் கடையைப் பற்றி எழுதியபோது, பெருங்காயம் பாரசீகத்திலிருந்து பம்பாய் வழியாகத் திருநெல்வேலி டவுணுக்கு வந்தது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவனுக்கு இதைவிட என்ன மகிழ்ச்சி வேண்டும்? இந்த இதழ் முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான். பலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், எல்லோருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்பளம் இடுகிறோம். பெருங்காயத் தண்ணீர் விடாமல் மாவு பிசைவதில்லை. இது ஏன் நம் மண்ணில் விளையவில்லை? பாரசீகத்தில் எந்தப் பக்கத்துச் சரக்கு?
— ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அம்மா, அந்தக் காலத்தில் அதை யாரும் விதைத்துப் பயிர் செய்யவில்லை. அது மலைச்சரிவில் தானாக முளைக்கிற செடி. கொத்தமல்லிக் குடும்பம். கோடையில் வறண்டும் குளிர்காலத்தில் பனி மூடியும் கிடக்கிற மேட்டு நிலம்தான் அதற்குப் பிடிக்கும். தாமிரபரணிக் கரையில் அது எப்படி முளைக்கும்? நான்கைந்து வருஷம் ஆன செடியின் வேர் பெரிய முள்ளங்கி போலப் பருத்துவிடும். பூ எடுப்பதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்டை அறுத்து, வேரின் தலையைச் சீவுவார்கள். வெட்டுவாயில் பால் கசியும். வெயில் படாமல் மூடிவைத்து, சில நாள் கழித்து இறுகியதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு மறுபடியும் சீவுவார்கள். வேர் வற்றுகிற வரைக்கும் இதே வேலை. கிழக்கே குராசான், தென்கிழக்கே கெர்மான், தெற்கே லார் ஆகிய பகுதிகளில் எடுத்த சரக்கு பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து பம்பாய்க்குக் கப்பல் ஏறியது. ஆப்கானிஸ்தானத்து ஹெராத் பக்கத்துச் சரக்கும் உண்டு. பாரசீகர்கள் அதை ‘அங்கூசே’ என்பார்கள். அவர்கள் சமையலில் அதற்குப் பெரிய இடம் இல்லை. வாங்கித் தின்றவர்கள் நாம்தான்.

எங்கள் அப்பா பால் பெருங்காயத்தைச் சோதிக்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளை எனாமல் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, குன்றிமணி அளவு கிள்ளிப் போடுவார். நல்ல சரக்கு என்றால் தண்ணீர் மெல்ல மெல்லப் பால் போல வெளுக்கும். அடியில் மண்ணோ மாவோ தங்கினால் உதட்டைப் பிதுக்குவார். இன்னொரு கிள்ளை ஊசி முனையில் குத்தித் தீக்குச்சி காட்டுவார். கற்பூரம் மாதிரி பற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை ஒரு மொத்த வியாபாரி அனுப்பிய டப்பா இரண்டு சோதனையிலும் தோற்றுப்போனது. அப்பா அதை விற்கவில்லை. மூடியைத் திறந்தபடி பல மாதம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார், அந்த ஆள் அடுத்த முறை வரும்போது கண்ணில் படட்டும் என்று. நீங்கள் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவும் கோந்தும் சேர்ப்பது வேறு விஷயம். அது காரத்தைத் தணிப்பதற்காக வெளிப்படையாகச் செய்வது, கலப்படம் அல்ல. நம் நாட்டில் 2020-ல்தான் இமாசலப் பிரதேசத்து லாஹுல் பள்ளத்தாக்கில் அரசு ஆராய்ச்சி நிலையம் நாற்று நட்டுப் பார்க்கத் தொடங்கியது.

கேள்வி: சார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் எந்த மாகாணம் எதை விளைவித்து யாருக்கு விற்றது? கல்லூரிக் கட்டுரைக்குத் தேவைப்படுகிறது.
— ஒரு மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தம்பி, முதலில் வரைபடத்தை எடுத்து நடுவில் ஒரு கோடு போட்டுக்கொள். வடக்கில் விளைந்தது ரஷ்யாவை நோக்கியும் கருங்கடல் வழியாக ஐரோப்பாவை நோக்கியும் போனது. தெற்கில் விளைந்தது வளைகுடா வழியாக பம்பாய்க்கும் லண்டனுக்கும் சீனத்துக்கும் போனது. காஸ்பியன் கரையில் கீலான் மாகாணம், பட்டும் நெல்லும். அதற்கு அடுத்த மாசந்தரானிலும் நெல். வடமேற்கில் அசர்பைஜான் மாகாணம், உலர்ந்த திராட்சையும் பாதாமும். அதன் தலைநகரான தப்ரீஸிலிருந்து ஒட்டக வரிசைகள் திரபிசோந்துக்குப் போய்க் கருங்கடலைத் தொட்டன. இஸ்பஹான், யஸ்த், ஃபார்ஸ் பக்கங்களில் அபினும் புகையிலையும். கெர்மானில் ஆட்டு ரோமமும் மருதாணியும். தென்மேற்கே குசிஸ்தானில் பேரீச்சையும் கோதுமையும், தெஸ்பூல் பக்கத்தில் அவுரியும்.

1828-ல் ரஷ்யாவிடம் போரில் தோற்றுக் கையெழுத்திட்ட துருக்மான்சாய் உடன்படிக்கையை விட்டுவிடாதே. ரஷ்யச் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்து சுங்கம், அதற்கு மேல் போடக் கூடாது என்று அதில் கட்டிப்போட்டார்கள். 1841-ல் பிரிட்டனும் அதே சலுகையை வாங்கிக்கொண்டது. சொந்த நாட்டு வியாபாரி வழிநெடுகச் சாவடிக்குச் சாவடி வரி கட்ட, அயல்நாட்டான் ஒரே தடவை ஐந்து கட்டிவிட்டுப் போனான். உன் கட்டுரையின் முதல் பத்தியில் இது இருக்க வேண்டும். மாகாணப் பட்டியல் இரண்டாவது பத்தியில் வரட்டும்.

கேள்வி: பழைய பாரசீகக் கணக்குகளில் ‘கர்வார்’ என்று வருகிறதே, நம் கோட்டை மாதிரி அளவா, அண்ணாச்சி?
— கமிஷன் மண்டி வைத்திருக்கும் ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: கர் என்றால் கழுதை, பார் என்றால் பாரம். கழுதைச் சுமை. ஆனால் நூறு தப்ரீஸ் மன் சேர்ந்தது ஒரு கர்வார், அதாவது 300 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. எந்தக் கழுதையும் அதைத் தூக்காது. பெயர் மட்டும் நின்றுவிட்டது, நம் ஊரில் கோட்டை என்றால் யாரும் மதிலை நினைக்காதது போல. மன் என்பதும் ஒரே மன் அல்ல. தப்ரீஸ் மன் ஏறக்குறைய 3 கிலோ. ஷா மன் அதைப் போல இரண்டு மடங்கு. ரேய் மன் நான்கு மடங்கு. எந்த ஊர் மன் என்று கேட்காமல் விலை பேசியவன் தொலைந்தான். மரக்காலுக்கு மரக்கால் சண்டை பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் மண்டியிலேயே பாரசீகம் உட்கார்ந்திருக்கிறது, அண்ணாச்சி. தராசு, ரசீது, குமாஸ்தா, சுமார், பஜார், எல்லாம் அங்கிருந்து வந்த சொற்கள்.

கேள்வி: நான் பட்டுப்பூச்சி வளர்க்கிறேன். முட்டைத் தொகுதி வாங்கும்போது பெப்ரின் நோய் இல்லை என்று சான்று பார்த்துத்தான் வாங்குவோம். பாரசீகத்தில் அந்த நோய் ஒரு மாகாணத்தையே அழித்தது என்று வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?
— ஒரு விவசாயி, தென்காசி

பதில்: உண்மை. நீங்கள் பார்க்கிற அந்தச் சான்று இல்லாத காலம் அது. கீலானின் பட்டுதான் பாரசீகத்து ஏற்றுமதிகளில் தலையானது. ரஷ்த் நகரச் சந்தையில் அதை வாங்கி மார்செய்க்கும் லண்டனுக்கும் அனுப்ப அயல்நாட்டு வியாபாரிகள் காத்துக் கிடந்தார்கள். 1864, 65 வாக்கில் நோய் வந்தது. புழுவின் உடம்பில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். தின்னாமல் சுருங்கும். கூடு கட்டாமல் சாகும். கூடு கட்டித் தப்பித்த பூச்சியும் நோயை முட்டைக்குள் வைத்துவிட்டுப் போகும். அதனால் அடுத்த வருஷத்து விதையே விஷம். சில வருஷங்களில் விளைச்சல் முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஜப்பானிலிருந்து முட்டை வரவழைத்துப் பார்த்தார்கள். நுண்ணோக்கியில் தாய்ப்பூச்சியைப் பார்த்து, நோய் இல்லாததன் முட்டையை மட்டும் எடுக்கும் வழியை லூயி பாஸ்டர் பிரான்சில் கண்டுபிடித்தார். 1865-ல் இறங்கியவருக்கு அது முடிய ஐந்து வருஷம் ஆனது. கீலான் நிமிர்வதற்குள் நூற்றாண்டின் கடைசிப் பத்து வருஷங்கள் வந்துவிட்டன.

நடுவில் மக்கள் என்ன செய்தார்கள்? முசுக்கட்டைத் தோட்டத்தைக் குறைத்து நெல் நட்டார்கள். கீலான் அரிசி ரஷ்யாவுக்குப் போகத் தொடங்கியது.

ஒரு விஷயம் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தப்ரீஸிலும் ரஷ்திலும் பட்டு வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனிகளில் ஒன்று கிரேக்க வம்சத்தவரான ராலி சகோதரர்களுடையது. பட்டு படுத்ததும் 1871-ல் பாரசீகத்துக் கணக்கை மூடிவிட்டார்கள். அதே ராலி கம்பெனிதான் தூத்துக்குடியில் உட்கார்ந்து நம் கரிசல் பஞ்சை வாங்கியது. ரஷ்தில் ஒரு விவசாயி வீட்டுத் திண்ணையில் காலியான மூங்கில் தட்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. வாங்க வந்தவன் தராசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் போக வேறு இடம் இருந்தது. விவசாயிக்கு அந்த மண்ணை விட்டால் ஏது போக்கிடம்?

கேள்வி: 1870-72 பாரசீகப் பஞ்சத்தைப் பற்றிப் படித்தேன். விவசாயிகள் பேராசைப்பட்டுக் கோதுமை நிலத்தில் அபின் போட்டதால் பட்டினி வந்தது என்று எழுதியிருந்தது. தன் வினை தன்னைச் சுட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. கோவில்பட்டியிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் பருத்தி போட்ட கரிசல்காட்டானைப் பார்த்தும் இதையே சொல்லியிருக்கிறார்கள். கம்பு போட்டிருந்தால் தின்றிருக்கலாமே, ஏன் பருத்தி போட்டாய் என்று.

முதலில் கால வரிசையைப் பாருங்கள். பாரசீகத்து அபின் ஏற்றுமதி 1860-க்கு முன்பு வருஷத்துக்குச் சில நூறு பெட்டி. ஒரு பெட்டி 60, 65 கிலோ. அது ஏழாயிரம் பெட்டியைத் தாண்டியது 1880 வாக்கில். அதாவது பெரும் பெருக்கம் பஞ்சத்துக்குப் பிறகு நடந்தது. பஞ்சத்துக்கு முன்பே இஸ்பஹான், யஸ்த் பக்கங்களில் நல்ல தண்ணீர் வசதியுள்ள வயல்கள் சில அபினுக்கும், அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏற்றிவிட்ட விலையைப் பார்த்துப் பருத்திக்கும் மாறியிருந்தன என்பது நிஜம். தானியக் கையிருப்பை அது குறைத்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கொன்றது அது மட்டும் அல்ல. மழையும் மலைப் பனியும் அடுத்தடுத்து வருஷங்களில் பொய்த்தன. கனாத் என்கிற நிலத்தடிக் கால்வாய்களில் நீர் இறங்கியது. தீவனம் இல்லாமல் கோவேறு கழுதையும் ஒட்டகமும் செத்தன. அந்த நாட்டில் அப்போது ஒரு மைல் ரயில் பாதை கிடையாது. தெஹ்ரானுக்குப் பக்கத்தில் ஒன்பது கிலோமீட்டர் கூட நிறையாத முதல் பாதை 1888-ல்தான் வந்தது. சுமக்கிற மிருகம் செத்தால் ஒரு மாகாணத்துக் கோதுமை பக்கத்து மாகாணத்துக்குப் போகாது. கையில் தானியம் வைத்திருந்த நிலச்சுவான்தார்களும் அதிகாரிகளும் விலை ஏறட்டும் என்று களஞ்சியத்தைப் பூட்டினார்கள். பல லட்சம் பேர் மடிந்தார்கள்.

அடுத்து, ஏன் அபின்? எங்கள் அம்மாவின் ஊர் விளாத்திகுளத்துக்குப் பக்கம். கார்த்திகை, மார்கழியில் செடி முழங்கால் உயரம் நிற்கும்போதே வியாபாரியின் ஆள் தாத்தா வீட்டுக்கு வந்துவிடுவான். திண்ணையில் உட்கார்ந்து முன்பணத்தை எண்ணி வைப்பான். விலையும் அப்போதே பேசியாகிவிடும். சித்திரையில் பஞ்சு தராசில் ஏறும்போது ஊரில் என்ன விலை நடந்தாலும் தாத்தாவுக்குப் பேசிய விலைதான். வேண்டாம் என்று சொல்ல முடியாதா என்று சின்ன வயதில் கேட்டேன். “தீர்வையை யாரு கட்டுவா, பஞ்சையா கொண்டு கட்ட முடியும்?” என்றார் பாட்டி. பாரசீகத்திலும் அப்படியேதான். விளைச்சலுக்கு முன்பே விலை பேசி முன்பணம் கொடுப்பதற்கு அங்கே சலஃப் என்று பெயர். அரசாங்கம் வரியைப் பணமாகக் கேட்டது. பல இடங்களில் நிலமும் தண்ணீரும் வேறொருவனுடையவை. நிலம், நீர், விதை, மாடு, உழைப்பு என்று விளைச்சலை ஐந்தாகப் பங்கு போடும் வழக்கில், உழைப்பை மட்டும் கொண்டுவந்தவனுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒன்று. எந்தப் பயிர் போடுவது என்று அவனா முடிவு செய்தான்?

இன்னொன்று இருக்கிறது, சுமைக் கணக்கு. இஸ்பஹானிலிருந்து ஷிராஸ் வழியாக புஷேருக்குப் போகிற பாதை, கடலைத் தொடுவதற்கு முன் ‘கோத்தல்’ என்கிற செங்குத்தான கணவாய்களில் இறங்குகிறது. ஷிராஸிலிருந்து புஷேருக்கு மட்டும் கோவேறு கழுதை வரிசைக்குப் பத்து, பன்னிரண்டு நாள் பிடிக்கும். அந்தப் பாதையில் கோதுமையை ஏற்றினால் துறைமுகம் சேருவதற்குள் வாடகையே கோதுமையைத் தின்றுவிடும். அதே கழுதையின் இரண்டு பக்கமும் அபின் பெட்டி தொங்கினால் வாடகை போகவும் மிஞ்சும். பட்டும் அப்படிப்பட்ட சரக்குதான், எடை குறைவு, விலை அதிகம். பட்டு செத்த இடத்தில் அபின் வந்து உட்கார்ந்ததற்கு இதுவே காரணம். இறக்குமதியான மான்செஸ்டர் துணிக்கும் சர்க்கரைக்கும் தேயிலைக்கும் நாடு எதையாவது விற்றுத்தான் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்க வெள்ளி இருந்தது, அந்த வெள்ளியும் விலை இறங்கிக்கொண்டே போனது. நூற்றாண்டு தொடங்கும்போது ஒரு தோமான், அதாவது பாரசீகப் பணம், ஏறக்குறைய ஒரு பிரிட்டிஷ் பவுனுக்குச் சமம். 1890-களில் ஒரு பவுனுக்கு ஐந்து தோமான் வைக்க வேண்டியிருந்தது.

அபின் எடுக்கிற வேலையை நினைத்துப் பாருங்கள். பூ உதிர்ந்து காய் பச்சையாக நிற்கும்போது, பொழுது சாய்கிற நேரத்தில் சின்னக் கத்தியால் காயின் தோலில் கீறுவார்கள். ஆழம் கூடினால் பால் உள்ளே இறங்கிக் காய் கெடும். குறைந்தால் பால் வராது. விடிவதற்குள் கசிந்து பழுப்பேறி நிற்பதை, வெயில் ஏறும் முன் சுரண்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு காயாக, குனிந்தபடி, மூன்று நான்கு தடவை. காய் காய்ந்த பிறகு உள்ளே இருப்பதுதான் நம் வீட்டுக் கசகசா. இந்த வேலையைச் செய்துவிட்டுப் பெரும் பங்கை அடுத்தவனுக்கு அளந்துகொடுத்தவனைப் பேராசைக்காரன் என்று எழுத எப்படி மனம் வந்தது?

ஐந்து வருஷம் கழித்து, 1876-ல், நமக்குத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. இங்கே ரயில் இருந்தது. அந்த வருஷம்தான் தூத்துக்குடிக்குப் பாதை வந்து சேர்ந்தது. ரயில் இருந்தும் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். தாமிரபரணிப் பாசனம் இருந்த கரை ஓரளவு தாங்கியது. உங்கள் கரிசல் பக்கத்துக்கு அந்த ஆறு இல்லை. அப்போது பருத்தி போட்டிருந்த நம் பாட்டன்மாரை யாராவது பேராசைக்காரர்கள் என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: வ.உ.சி. எதிர்த்த கப்பல் கம்பெனிக்குப் பாரசீகத்திலும் வேலை இருந்ததா?
— ஒரு வாசகர், ஓட்டப்பிடாரம்

பதில்: இருந்தது. வ.உ.சி. பிறந்த ஊரிலிருந்து இதைக் கேட்டதற்கு நன்றி. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1862-ல் அரசாங்கத் தபால் ஒப்பந்தத்தோடு பம்பாயிலிருந்து வளைகுடாவுக்கு நீராவிக் கப்பல் விட்டது. கராச்சி, மஸ்கட், பந்தர் அப்பாஸ், புஷேர், பஸ்ரா என்று தொட்டுப் போகும். முதலில் எப்போதோ ஒரு கப்பல், பிறகு வாரம் ஒன்று என்று பெருகியது. காற்றை நம்பி வருஷத்தில் சில மாதங்கள் மட்டும் ஓடிய பாய்மரப் படகுகளால் அதோடு போட்டி போட முடியவில்லை. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் வளைகுடா நேராக லண்டனோடு சேர்ந்துகொண்டது. 1888-ல் காரூன் ஆற்றையும் அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

கப்பலும் தபால் ஒப்பந்தமும் ஒரே கையில் இருந்தால் கூலியையும் அந்தக் கையே நிர்ணயிக்கும். தூத்துக்குடி-கொழும்பு வழியில் அதைத்தான் வ.உ.சி. உடைக்கப் பார்த்தார். 1906-ல் சுதேசிக் கம்பெனி தொடங்கினார். அவருடைய காலியா, லாவோ கப்பல்களை முறிக்க வெள்ளைக் கம்பெனி கட்டணத்தை இறக்கி, கடைசியில் இலவசமாகவே ஆள் ஏற்றியது என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். புஷேர் வியாபாரி ஒருவன் அன்று தூத்துக்குடிக்கு வந்திருந்தால், துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பார்த்த உடனேயே எந்தக் கம்பெனி என்று சொல்லியிருப்பான்.

கேள்வி: பீடி சுற்றும் பெண்கள் நாங்கள். பாரசீகத்தில் ஊரே சேர்ந்து புகையிலையை விட்டுப் போராடியது என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். விவரம் எழுதுவீர்களா, ஐயா?
— வாசகிகள் சிலர், முக்கூடல்

பதில்: கட்டாயம் எழுதுகிறேன், தாய்மார்களே. 1890 மார்ச்சில் பாரசீக மன்னர் நாசிருத்தீன் ஷா, டால்பட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு பட்டயம் எழுதிக்கொடுத்தார். ஐம்பது வருஷத்துக்குப் பாரசீகத்தில் விளைகிற புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் அவருடைய ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிமை. ஷாவுக்கு வருஷம் 15,000 பவுன், லாபத்தில் கால் பங்கு. யோசித்துப் பாருங்கள். ஷிராஸிலும் காஷானிலும் புகையிலை போட்டவன் தன் வயலில் விளைந்ததைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கூட விற்க முடியாது. நாளைக்கு இலையும் தூளும் ஒரே ஆளிடம்தான் வாங்க வேண்டும், சுற்றிய கட்டையும் அதே ஆளிடம்தான் போட வேண்டும், தரமில்லை என்று எத்தனை கட்டைக் கழித்தாலும் கேட்கக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான்.

அபின் மாதிரி அல்ல இது. பட்டும் அபினும் அயலானுக்குப் போகிறவை. புகையிலை வீட்டுக்கு வீடு ஹுக்காவில் புகைந்தது. அதனால் அடி எல்லோர் மேலும் விழுந்தது. 1891-ல் ஷிராஸ் கிளம்பியது, தப்ரீஸ் கிளம்பியது, இஸ்பஹான் கிளம்பியது. பஜார் கதவடைத்தது. டிசம்பரில், சாமர்ராவில் இருந்த மதத் தலைவர் மிர்சா ஹசன் ஷிராசியின் பெயரில் ஒரு தீர்ப்பு வந்தது. இன்று முதல் புகையிலையைத் தொடுவது மறைந்திருக்கும் இமாமை, அதாவது ஒருநாள் திரும்பி வருவார் என்று ஷியா முஸ்லிம்கள் நம்பும் தலைவரை, எதிர்த்துப் போரிடுவதற்குச் சமம் என்றது அது. மறுநாளே நாடு ஹுக்காவைக் கீழே வைத்துவிட்டது. ஷாவின் அந்தப்புரத்துப் பெண்களே குழாயைத் தூக்கி எறிந்தார்கள் என்று சொல்வார்கள். அரண்மனைக்குள் இருந்தும் அவர்கள் ஊரோடு நின்றதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். 1892 ஜனவரியில் ஷா பட்டயத்தை ரத்து செய்தார்.

ஆனால் கம்பெனி நஷ்டஈடு கேட்டது. ஐந்து லட்சம் பவுன். கஜானாவில் காசு இல்லாமல் இம்பீரியல் பாங்க் ஆஃப் பெர்ஷியாவில் கடன் வாங்கினார்கள். வளைகுடாத் துறைமுகங்களின் சுங்க வருமானம் அடமானமாகப் போனது. அந்த நாட்டின் முதல் அயல்நாட்டுக் கடன் அதுதான்.

கேள்வி: காயலுக்குப் பாரசீகக் குதிரைகள் வந்தன என்கிறார்களே, அந்த வியாபாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நடந்ததா?
— ஒரு வாசகர், காயல்பட்டினம்

பதில்: காயல் குதிரை வியாபாரம் பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சங்கதி. பாண்டியர்கள் ஹொர்முஸ், கீஷ் பக்கத்திலிருந்து வாங்கினார்கள், மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். வளர்க்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்றும் அவர் குறைப்பட்டுக்கொள்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளைகுடாக் குதிரைகள் பம்பாயில் இறங்கி ராணுவத்துக்குப் போயின. நம் கரைக்கு அந்த வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது.

கேள்வி: என் பாட்டி மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர். பாரசீகர்கள் தேயிலை வாங்கிக் குடித்தார்கள் என்று எழுதுகிறீர்கள். அவர்களே பயிரிடவில்லையா?
— ஒரு வாசகி, விக்கிரமசிங்கபுரம்

பதில்: அதே கேள்வியை அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டார். பெயர் காஷிஃபுஸ் சல்தனே. இந்தியாவில் பாரசீகத் தூதராக இருந்தவர். இவ்வளவு வெள்ளி தேயிலைக்காக வெளியே போகிறதே என்ற வேதனையில், இமயமலை அடிவாரத்துக் காங்ராவில் தேயிலை வேலையை ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொண்டார். நூற்றாண்டு முடிகிற தறுவாயில் காங்ராவிலிருந்து சில ஆயிரம் கன்றுகளைக் கொண்டுபோய்க் கீலானில் லாஹிஜான் என்ற ஊரில் நட்டார். பட்டுப் புழு செத்து வெறிச்சோடிய அதே கீலான்தான். மழையும் சரிவும் அங்கே தேயிலைக்கு ஒத்துவந்தன. உங்கள் பாட்டி காலத்தைப் போலவே அங்கேயும் கொழுந்து கிள்ளியது பெரும்பாலும் பெண்கள்தான்.

மாஞ்சோலையில் காட்டைத் திருத்தித் தேயிலை போட 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் குத்தகை எழுதிக்கொடுத்தது. அதே 1929-ல் காஷிஃபுஸ் சல்தனே கீழ்த்திசை நாடுகளில் தேயிலை பார்த்துவிட்டு புஷேரில் இறங்கி ஊர் திரும்பும்போது, அந்தக் கணவாய்ப் பாதையில் கார் விபத்தில் இறந்துபோனார். லாஹிஜானில், தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.